இடது காட்டர் பின்

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் அப்பா வீட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்டிப் பாப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், மாடிப்படிக்குக் கீழே சைக்கிளைக் காணோம். அவருடைய காக்கிப் பையும் இல்லை. பால் டப்பாவுக்கு அடியில் காலண்டர் தாளைக் கிழித்து வைத்திருந்தார். "கொஞ்ச நாள் வெளியூர். தேட வேண்டாம்." அவ்வளவுதான். எந்த வெளியூர், எத்தனை நாள், மாத்திரை எடுத்துக்கொண்டாரா, ஒன்றும் இல்லை.

மார்ச்சில் கடைத்தெரு நடுவில் தலை சுற்றி விழுந்தாரே, அதற்குப் பிறகு டாக்டர் சைக்கிளே கூடாது என்று சொல்லியிருந்தார். உனக்கும் எழுதினேன்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போனோம். ஏட்டு கேட்டார், "என்ன சைக்கிள்மா?"

"ரட்ஜ் சார். பல்சக்கரத்துல ஒரு கை உருவம் வெட்டியிருக்கும். ஆனா முன்சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கு ஹம்பர்து. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு குழாய்."

அவர் என்னையும் தோளில் இருந்த குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "கலர்?"

"கறுப்பு."

"கறுப்பு சைக்கிள்" என்று எழுதிக்கொண்டார்.

இவர், "உங்கப்பா என்ன சின்னக் குழந்தையா, வந்துடுவார்" என்கிறார். தெருவில் மணிச்சத்தம் கேட்டால் எழுந்து ஓடுகிறேன். பால்காரராக இருக்கிறது. உன் ஊர்ப் பக்கம் வந்தால் உடனே எழுது.

உன் தங்கை


ஜூன் 9

அன்புத் தங்கை பெல்லுக்கு,

மாப்பிள்ளையும் குட்டியும் நலந்தானே. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அண்ணிக்கு மட்டும் கொஞ்சம் இருமல்.

அப்பா இங்கே வரவில்லை. வந்தால் நேரே நம் வீட்டுக்குத்தான் வருவார் என்று சொல்ல எனக்கும் ஆசை. அவரைத் தெரியாதா உனக்கு. பெற்ற பிள்ளைகளுக்கு பெல்லு, ஸ்டாண்டு என்று பேர் வைத்துக் கூப்பிட்ட மனிதர். நீ ஓயாமல் கத்துவாய், நான் நிறுத்திய இடத்தில் நிற்பேன் என்பதற்காக.

மூக்குக்கண்ணாடிக் கடை மூடியதும் நான் ரயில் நிலைய சைக்கிள் நிறுத்தம், சத்திரங்கள், ஆஸ்பத்திரி என்று ஒரு சுற்று வருகிறேன். சைக்கிளின் அடையாளங்களைச் சரியாக எழுது. என் ஞாபகத்தை நம்பி நான் நாளெல்லாம் லென்ஸ் தேய்க்கலாம், இதைத் தேட முடியாது. இன்னொன்று. அவர் சும்மா கிளம்புகிறவர் இல்லை. வீட்டில் ஏதாவது சண்டையா?

அண்ணன்


ஜூன் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் இருமல் எப்படி இருக்கிறது? கஷாயம் போதாது, டாக்டரிடம் காட்டச் சொல்.

அடையாளம் கேட்டிருக்கிறாய். சின்ன வயதில் அவர் நம்மை ரோட்டோரம் நிற்க வைத்துக் கேட்பாரே, அதே வரிசையில் எழுதுகிறேன். பல்சக்கரத்தில் நாரைத் தலை தெரிந்தால் ராலே. ஐந்து ஆள்கள் சுற்றி நின்றால் ஹம்பர். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பட்டையில் மூன்று துப்பாக்கி சாத்தியிருந்தால் பி.எஸ்.ஏ. கை இருந்தால் ரட்ஜ். நீ எப்போதும் கையையும் நாரையையும் குழப்பி, குட்டு வாங்குவாய்.

அப்பாவின் வண்டியில் பல்சக்கரம் மட்டும்தான் ரட்ஜ். ஃப்ரேமும் போர்க்கும் ஹம்பர். போர்க்கின் ஒவ்வொரு காலும் ஒரே குழாயாக இல்லாமல், இரண்டு மெல்லிய குழாய் பக்கத்துப் பக்கத்தில் இறங்கும். கழுத்துப் பட்டையை எப்போதோ கழற்றிவிட்டார். ஆணி அடித்த இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும். அந்தக் காலத்தில் இரண்டு கம்பெனியையும் ராலே வாங்கிப் போட்ட பிறகும் அவரவர் அடையாளத்தை அவரவருக்கு விட்டுவைத்தார்கள். அதனால் கையும் இரட்டைக்கால் போர்க்கும் ஒரே வண்டியில் இருந்தால், அதை எந்தத் தொழிற்சாலையும் அனுப்பவில்லை, அப்பாதான் சேர்த்தார். பின்சக்கரத்தின் நடு உருளை, அந்த ஹப், மூன்று கியர் ஸ்டர்மி ஆர்ச்சர். அதன் வயிற்றில் 49 என்று வருஷம் குத்தியிருக்கும். "ஹப் அப்புறம் போட்டது, வண்டி முப்பத்தெட்டுதான்" என்று அவர் அடம் பிடிப்பது உனக்குத் தெரியும். சாட்சி எதுவும் கிடையாது. அவர் சொன்னால் முப்பத்தெட்டு.

பின் மட்கார்டின் இடது பக்கத்தில் கட்டைவிரல் அளவு நசுங்கல்.

சண்டை ஒன்றும் இல்லை. அவருக்கு நான் என்ன குறை வைத்தேன்? காலையில் மாத்திரை, பத்து மணிக்கு ஹார்லிக்ஸ், வெயிலில் போகாதீர்கள், படியில் இறங்கும்போது பிடித்துக்கொள்ளுங்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருந்தேன்.

குட்டிக்கு இரண்டாவது பல் தெரிகிறது. ராத்திரி முழுக்க மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். இப்போது அப்பாவின் மூச்சைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது.

தங்கை


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் சௌக்கியம். அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது.

ஒரு சைக்கிள் கண்ணில் பட்டிருக்கிறது. பஸ் பட்டறைக்குப் பின்சந்தில், பழைய இங்கிலீஷ் சைக்கிள்களை வாங்கிச் சரி செய்து விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் நிற்கிறது. பல்சக்கரத்தில் கை. போர்க் இரட்டைக் குழாய். கழுத்தில் இரண்டு ஓட்டை. யாரோ விட்டுவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொல்கிறார். யார், எங்கே என்று அவருக்குத் தெரியவில்லையாம்.

நீ பதற வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. குட்டியைப் பார்த்துக்கொள். எல்லாம் சரியாகிவிடும்.

அண்ணன்


ஜூலை 6

அண்ணா,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

விட்டுவிட்டுப் போனார் என்றால் என்ன அர்த்தம்? அவர் அந்த வண்டியை விட்டு ஒரு டீ குடிக்கக்கூட உள்ளே போகமாட்டார், வாசலில் நின்றே குடிப்பார். அந்த மனிதர் எங்கேயோ விட்டுவிட்டுப் போனார் என்று எழுதிவிட்டு, நேரத்துக்குச் சாப்பிடு என்கிறாயே. உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். இவருக்கே முகம் மாறிவிட்டது.

நான் உடனே கிளம்புவேன். குட்டிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், ரயிலில் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் நீ என் கண்ணாக இருந்து பார்த்து எழுது.

ஹப்பில் கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார். 49 இருக்கிறதா? மட்கார்டில் நசுங்கல் எந்தப் பக்கம்? சீட்டுக்குப் பின்னால் தோல்பை தொங்குகிறதா?

மிதிகட்டை மாட்டியிருக்கும் இடது கிராங்கில் காட்டர் பின் இருக்கிறதா? இருந்தால் பழையதா, புதியதா? இதை மறக்காமல் பார்.

கடைக்காரரிடம் அப்பா போட்டோவைக் காட்டினாயா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

தங்கை


ஜூலை 25

அன்புத் தங்கைக்கு,

குட்டிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும் என்று நம்புகிறோம். பதில் தாமதமானதற்குக் காரணம் கடையில் வேலை. பள்ளிக்கூடம் திறந்தால் ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரியாமல் போய்விடுகிறது.

நீ கேட்டவை. ஹப்பில் 49 இருக்கிறது. நசுங்கல் இடது பக்கம். தோல்பை இருக்கிறது. இடது கிராங்கில் பின் இருக்கிறது, புதியது. அதன் சாய்ந்த முகம் அரத்தால் ராவி, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. டயர் இரண்டிலும் காற்று கெட்டியாக இருக்கிறது.

போட்டோவைக் காட்டினேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். எதற்கு அந்தப் பின்னைப் பற்றிக் கேட்டாய்?

அண்ணன்


ஜூலை 29

அண்ணா,

குட்டிக்குக் காய்ச்சல் போய்விட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீ நலம் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை.

அப்பா எங்கே?

எதற்குக் கேட்டேன் என்று சொல்கிறேன். அவர் இந்த வீட்டிலிருந்து போகும்போது இடது கிராங்கில் பின் கிடையாது. நான்தான் கழற்றினேன். மே மாதம், அவர் மத்தியானம் தூங்கும்போது. நட்டைத் தளர்த்தி, சுத்தியலில் துணி சுற்றித் தட்டினால் சத்தம் வராது என்று சின்ன வயதில் அவரே செய்து காட்டியிருக்கிறார். சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும், ஆனால் கிராங்கை அச்சோடு பிடித்து வைப்பது அதுதான். அது இல்லாமல் வண்டியைத் தள்ளலாம், மிதிக்க முடியாது. தையல் மிஷின் டிராயரில் நூல்கண்டுக்கு நடுவே இருக்கிறது, இப்போதும்.

மறுநாள் அவர் வந்து கேட்டார். "இடது கால் ஆடுதேம்மா, பின்னைக் காணோம்."

"தேய்ஞ்சு விழுந்திருக்கும்ப்பா" என்றேன்.

"அப்படியா" என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் நிம்மதியாகிவிட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? சொன்னால் கேட்கிற மனிதரா? லாரி ஓடும் ரோட்டில் அவர் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

யாரோ விட்டுப்போன வண்டி என்றாய். அதில் ஒருவர் புதுப் பின் வாங்கி, அதை முகம் பார்க்கிற அளவுக்கு ராவிப் பூட்டியிருக்கிறார். சைக்கிள் கடைக்காரர்கள் பின்னை அப்படியே சொருகி ஓங்கி அடிப்பார்கள். இப்படி ராவுகிறவரை நான் என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். டயரில் தினமும் காற்று வேறு அடித்து வைக்கிறார்.

நீ லென்ஸ் தேய்க்கிறவன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதாமல் உனக்கு இருக்க முடியாது. அதனால்தான் பின்னைப் பற்றிக் கேட்டேன். உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது நியாயமா?

தங்கை


ஆகஸ்ட் 5

அன்புள்ள பெல்லுக்கு,

எல்லோரும் நலம். அப்பாவும் நலம்.

அந்தக் கடை மாடியில் ஓர் அறையில் இருக்கிறார். ஜன்னல் பெரியது, காற்று வருகிறது, சாப்பாடு கடைக்காரர் வீட்டிலிருந்து வருகிறது. சைக்கிளைப் பார்த்த அன்றே அவரையும் பார்த்துவிட்டேன். வாசலில் குந்தி, ஒரு வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் நம்பர் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வா ஸ்டாண்டு, அந்த டார்ச்சைப் பிடி" என்றார். ஒரு மாதமாக எல்லோரையும் தேட வைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது.

"அவளுக்கு எழுதிடட்டுமாப்பா?"

"எழுது. நீ தபால் பெட்டியில போடுறதுக்குள்ள நான் அடுத்த ரயில்ல இருப்பேன்."

"அவ அங்க சாப்பிடாம கிடக்கிறாப்பா."

"சாப்பிடச் சொல்லு."

அதைத்தான் எழுதினேன். நீ என்னைத் திட்டுவது சரி. ஆனால் நான் சொன்னால் அவர் மறுபடி காணாமல் போவார், சொல்லாவிட்டால் நீ கரைவாய். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல், எனக்கு வைத்த பேருக்கு ஏற்ற மாதிரி நின்றுவிட்டேன்.

கடைக்கு வரும் பழைய வண்டிகளில் எது எந்தக் கம்பெனி, எந்தப் பாகம் பிறகு மாற்றியது என்று சொல்வது அவர் வேலை. பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார். தப்பாகச் சொன்னாலும் அதே தோரணையில் சொல்கிறார். போன வாரம் ஒரு ஹெர்குலிஸை ராலே என்று அரை நாள் வாதாடி, பெயின்டைச் சுரண்டிப் பார்த்தபின், "சரி, ஹெர்குலிஸ்" என்று எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டாராம்.

இனி மறைக்கப் போவதில்லை, அதனால் இதையும் சொல்கிறேன். இங்கே ஒருமுறை தலை சுற்றியிருக்கிறது. "இறங்கி ஓரமா உட்கார்ந்தேன், போயிடுச்சு" என்றார். கடை இருக்கும் சந்துக்கு வெளியே மிதிப்பதில்லை என்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார். நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

பின்னைப் பற்றி நீ எழுதியதை அவரிடம் சொன்னேன். அரத்தைத் துடைத்து உறையில் போட்டார்.

அவருக்கு எழுதுவதானால் எனக்கு அனுப்பு, கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதாக அண்ணா எழுதியிருந்தான். நாங்களும் சுகம். குட்டி நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதில் விழுந்தாள். நான் கத்தினேன். என் கத்தலுக்குத்தான் அவள் அழுதாள், விழுந்ததற்கு இல்லை என்கிறார் இவர்.

மாடி அறைக்குக் கைப்பிடி இருக்கிறதா? தலை சுற்றியது காலையிலா, வெயிலிலா, சாப்பிடுவதற்கு முன்னா? அங்கே நல்ல டாக்டர் யாராவது உண்டா? சந்தில் லாரி வருமா? கடைக்காரருக்கு உங்கள் மயக்கம் பற்றித் தெரியுமா?

இந்த வீட்டில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்று கேட்டு நான்கு தாள் எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

இதனுடன் அந்தப் பின்னைத் துணியில் தைத்து வைத்திருக்கிறேன். துருப்பிடிக்காமல் மிஷின் எண்ணெய் தடவி வைத்திருந்தேன். எதற்குத் தடவினேன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 2

அன்பு மகளுக்கு,

நலம். மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். விழுந்தால் உடனே தூக்காதே. சுற்றிலும் பார்த்துவிட்டு அவளே எழுவாள்.

பின் வந்து சேர்ந்தது. சேதமில்லாமல் எடுத்திருக்கிறாய். நட்டு ஏறும் மரை நசுங்கவில்லை. பல பேர் நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடித்து, மரையைக் கெடுப்பார்கள்.

உன் கேள்விகள். கைப்பிடி இருக்கிறது. தலை சுற்றியது சாப்பிடுவதற்கு முன். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. அவரும் சைக்கிள் கூடாது என்கிறார். லாரி வராது, சந்து குறுகல். கடைக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். சொன்னதால் அவர் என்னைக் கண்ணாடிப் பொம்மை மாதிரி வைக்கவில்லை. "மயக்கம் வந்தா கூப்பிடுங்க" என்றார், அவ்வளவுதான்.

ஒரு விஷயம். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல்பையில் எப்போதும் ஒரு மாற்றுப் பின் இருக்கும். மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலைக்கு ஊர் ஊராக மிதித்த காலத்திலிருந்தே பழக்கம். நீ கழற்றிய அன்று சாயங்காலமே அதை எடுத்து ராவி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பூட்ட எனக்குக் கொஞ்ச நேரம் போதும். பூட்டவில்லை. மறுநாள் தெரிந்தேதான் உன்னிடம் கேட்டேன். நீயே சொல்லுவாய் என்று இருந்தேன். சாப்பாடு போடும்போது சொல்லுவாய், மாத்திரை கொடுக்கும்போது சொல்லுவாய் என்று பார்த்தேன். நீ ஹார்லிக்ஸ் கொடுத்தாய்.

பிறகுதான் கிளம்பினேன். உன் தெருவில் வைத்துப் பூட்டி ஏறிப் போனால் உன்னை எதிர்த்துச் செய்த மாதிரி ஆகும். ஸ்டேஷன் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன். பார்த்தவர்கள் பஞ்சர் என்று நினைத்திருப்பார்கள்.

சொன்னால் கேட்க மாட்டேன் என்று அண்ணனுக்கு எழுதியிருக்கிறாய். கடைக்காரரிடம் ஒரு பழைய ஹம்பர் விலைப்புத்தகம் இருக்கிறது. படத்தையும் என் ஃப்ரேமையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் வண்டி உலகப் போருக்குப் பிறகு வந்ததுதான். ஹப்புக்கும் அதற்கும் ஒரே வயது. முப்பத்தெட்டு இல்லை. இத்தனை வருஷம் உங்கள் இருவரிடமும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நேரே காட்டினார், ஏற்றுக்கொண்டேன்.

அக்டோபரில் வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன். பேத்தி நடப்பதைப் பார்க்க வேண்டும். வண்டியோடுதான் வருவேன். கழற்றுவதானால் சொல்லிவிட்டுக் கழற்று.

அப்பா


செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் எனக்குக் கால் தரிக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் சுகம்.

மாடிப்படிக்குக் கீழே அட்டைப் பெட்டிகளை எடுத்துவிட்டு இடம் ஒழித்தாகிவிட்டது. குட்டி இப்போதே அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள். வண்டி வந்தால் சக்கரத்துக்குள் விரலை விடுவாள் என்று இப்போதே பயமாக இருக்கிறது. இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நீங்கள் இங்கே எவ்வளவு தூரம் மிதிக்கலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ரோடு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு அப்புறம் லாரி. ஹார்லிக்ஸ் வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லுங்கள், எனக்கும் அதைக் கலக்கிப் பிடிக்காது.

முப்பத்தெட்டு இல்லை என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு ஏனோ அழுதேன். அண்ணாவுக்கும் சொல்லிவிடுங்கள், நாரைக்கும் கைக்கும் அவன் வாங்கிய குட்டுகள் அவனுக்கு ஞாபகமிருக்கும்.

நீங்கள் சொன்னபடி ஒன்று கேட்கிறேன், அப்பா. ரயிலில் வந்த அலுப்பு இருக்கும், இடம் புதிது மாதிரி இருக்கும். நீங்கள் வந்த முதல் வாரத்துக்கு மட்டும் இடது பின்னைக் கழற்றி வைத்துக்கொள்ளட்டுமா? தையல் மிஷின் டிராயரில்தான் இருக்கும். தோல்பையில் இருக்கும் மாற்றுப் பின்னைத் தொட மாட்டேன்.

கேட்டுவிட்டேன். முடியாது என்று எழுதினால் சரி என்பேன்.

உங்கள் பெல்லு